இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு படுக்கைப்புண்: வார்டில் என்ன கேட்பது, யாரிடம் முறையிடுவது?

பூன்லே_மருமகள்

மாமியாருக்கு வயது 78. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சிங்கப்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனை, பி2 வார்டு (அரசு மானியம் உள்ள வகுப்பு). இன்னும் அங்கேதான் இருக்கிறார், அதனால் மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

அறுவை இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை, மாலையில்தான் "இன்னிக்கு இல்ல" என்றார்கள். அறுவை முடிந்த மறுநாளிலிருந்து பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. கேட்டால் "வயசானவங்களுக்கு இப்படித்தான்" என்று பதில். சிறுநீர்க் குழாய் இன்னும் எடுக்கப்படவில்லை. பணிப்பெண் உடம்பு துடைக்கும்போது பார்த்தால் பிட்டத்துக்குச் சற்று மேலே கறுத்துத் தடித்த இடம், இடது குதிகாலில் கொப்புளம். நாங்கள் காட்டிய பிறகுதான் தாதிக்கே தெரிந்தது. மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் வரும். சம்மதப் படிவத்தில் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றும் தெரியவில்லை.

வார்டில் இப்போது என்ன கேட்க வேண்டும்? முறையிட்டால் கவனிப்பு இன்னும் மோசமாகும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். ஆவணங்களை எப்படி வாங்குவது? சுகாதார அமைச்சா, மருத்துவ மன்றமா, வக்கீலா? பில்லைக் கட்டலாமா, நிறுத்தி வைக்கலாமா?

---

இரவுப்பணி

முதலில் புண்ணைப் பாருங்கள். முறையீட்டை அடுத்த வாரம்கூட எழுதலாம், புண் அதுவரை காத்திருக்காது.

நம் தோல் நிறத்தில் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் சிவப்பாகத் தெரியாது. விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்து நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. கறுத்த தோலில் அது கைகொடுக்காது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும்: சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கல் மாதிரியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று. தோல் கிழியாமல் ஊதாவோ கருமையோ படர்ந்திருந்தால் அது ஆழ்திசுக் காயமாக இருக்கலாம். அந்த வகையில் சேதம் எலும்பை ஒட்டிய சதையிலேயே நடந்திருக்கும், சில நாள் கழித்து மேல்தோல் திறக்கும்போதுதான் அளவு தெரியும். நீங்கள் சொல்லும் "கறுத்துத் தடித்த இடம்" எனக்கு அந்தக் கவலையைத்தான் தருகிறது.

இன்றே தாதி மேலாளரிடம், அதாவது வார்டு சிஸ்டரிடம், காயப் பராமரிப்புத் தாதி வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் வந்தால் புண்ணின் கட்டம், நீள அகலம், படம் மூன்றும் கோப்பில் ஏறிவிடும். காற்று மெத்தை கேளுங்கள். மெத்தை வந்தாலும் ஆளைத் திருப்பியாக வேண்டும், வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. நேர் பக்கவாட்டில் கிடத்தினால் எடை முழுவதும் இடுப்பு மூட்டு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வுதான் சரி. அறுவை செய்த பக்கம் சாய்க்கலாமா, கால்களுக்கு நடுவே தலையணை வேண்டுமா என்பது எந்த வகை அறுவை என்பதைப் பொறுத்தது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் நேரம் தவிரக் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்காதீர்கள். ஆள் சறுக்கச் சறுக்க உள்தசை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாக இழுபடும், பிட்டப் புண்ணுக்கு அதுவும் ஒரு காரணம்.

குதிகாலுக்கு: கெண்டைக்காலின் கீழே தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளை அடியில் நுழைத்துப் பார்த்தால் தட்டாமல் போக வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீரிழிவுக்காரர் என்பதால் பாத ரத்த ஓட்டத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஓட்டம் குறைந்த காலில் குதிகால் புண் லேசில் ஆறாது. வளைய மெத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், நடுவில் ரத்த ஓட்டத்தை அது இன்னும் குறைக்கும். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வழக்கமும் வேண்டாம். பாட்டிமார் அன்பாகச் செய்வதுதான், ஆனால் நசுங்கிய திசுவை மேலும் நசுக்கும்.

புண் ஆறப் புரதம் வேண்டும். சிறுநீரகம் அனுமதித்தால் உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம். 50 கிலோ என்றால் நாளுக்கு ஏறக்குறைய 62 முதல் 75 கிராம். மருத்துவமனைக் கஞ்சி மட்டும் குடித்தால் அதில் பாதிகூட வராது. உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

அடுத்து மனக்குழப்பம். வயதானவர்களுக்கு இடுப்பு அறுவைக்குப் பிறகு இது அடிக்கடி வரும் என்பது உண்மை. வந்தால் காரணம் தேடுவது வார்டின் வேலை. சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன் அளவு என்ன, சிறுநீரில் தொற்று உண்டா, மலம் கழித்து எத்தனை நாள், வலிக்கு என்ன மருந்து எவ்வளவு போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சத்தம் போடுகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் தூங்கிக்கொண்டே கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம், அது தவறிப்போகும். கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் லாக்கரில் கிடக்காமல் ஆளிடம் இருக்கட்டும். பகலில் திரையை விலக்கி, ஒலி 96.8 தமிழ் வானொலியை மெதுவாக ஓட விடலாம். சுற்றிலும் புரியாத மொழியே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது மருந்து.

சிறுநீர்க் குழாய்: "ஏன் இன்னும் இருக்கிறது, எப்போது எடுப்பீர்கள்?" இந்த இரண்டு கேள்வி போதும். பெரும்பாலும் அறுவைக்கு அடுத்த ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் ஏறும், குழப்பமும் நீளும். எடுத்த பிறகு சிறுநீர் தேங்குகிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

வெறும் வயிறு விஷயத்தில் பொது விதி திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். காலையில் பட்டியலைக் கேட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் என்றால் "தண்ணீர் எதுவரை தரலாம்?" என்று மயக்க மருத்துவரைக் கேட்கச் சொல்லலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரா? அப்படியானால் நீண்ட பட்டினியில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் கூடலாம், கீட்டோன் பார்க்க வேண்டும். திட்டமிட்ட அறுவைக்கு இவற்றை 3 நாள் முன்பே நிறுத்துவார்கள், விழுந்து வந்தவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

வீட்டுக்காரர் பயம் பற்றி: குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும் பேசுங்கள். ஆளுக்கொரு நேரம் ஆளுக்கொரு தாதியைப் பிடித்துக் கேட்டால்தான் வார்டு முகம் திருப்பும். மருத்துவச் சமூக ஊழியர் மூலம் குடும்பக் கூட்டம் கேளுங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருகிற குடும்பத்தை எந்த வார்டும் அலட்சியம் செய்து நான் பார்த்ததில்லை.

---

கோப்புக்கட்டு

ஆவணம் பற்றி மட்டும்.

மருத்துவ அறிக்கை வேறு, கேஸ் குறிப்புகளின் நகல் வேறு. பலர் முன்னதைக் கேட்டுப் பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு பக்கச் சுருக்கத்தை வாங்கிக்கொண்டு முழிப்பார்கள். அது டாக்டர் பிறகு உட்கார்ந்து எழுதுவது. உங்களுக்கு வேண்டியது அன்றன்றைக்கு எழுதியவை. பெயர் சொல்லிக் கேளுங்கள்: சேர்த்த அன்று செய்த தோல் பரிசோதனையும் பிரேடன் மதிப்பெண்ணும் (படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளப்பது), திருப்பிப் போட்ட அட்டவணை, தாதியர் குறிப்பு, மருந்து அட்டவணை, உட்கொண்ட-வெளியேறிய திரவக் கணக்கு, மயக்க மருந்துத் தாள், அறுவைக் குறிப்பு, அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், சம்மதப் படிவம், காயப் படங்கள். ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் பரிசோதனை முடிவு, வீடு திரும்பும் சுருக்கம், பில் மாதிரி சிலவற்றைத்தான் பார்க்க முடியும்.

நான் சொன்ன பட்டியலில் முதலாவதான தோல் பரிசோதனைதான் ஆணிவேர். வார்டுக்கு வந்த அன்று "தோல் முழுமையாக உள்ளது" என்று எழுதியிருந்தால் புண் அங்கே வந்தது என்பது அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. எதுவும் எழுதவில்லை என்றால் அதுவே ஒரு குறை. பிரேடன் அளவுகோல் 6 முதல் 23 வரை போகும், குறையக் குறைய அபாயம் அதிகம். 12 என்று போட்டுவிட்டுக் காற்று மெத்தை கொடுக்கவில்லை என்றால் கேள்வி தானாகவே எழும்.

விண்ணப்பத்தில் நோயாளி கையெழுத்திட வேண்டும். குழப்பம் தெளிந்த பிறகு அவரே போடலாம். தெளியவில்லை, எல்பிஏ பத்திரம் (புத்தி தெளிவில்லாமல் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிப்பது) ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார் என்றால் அதில் நியமிக்கப்பட்டவர் போடலாம். அதுவும் இல்லாவிட்டால் மருத்துவப் பதிவு அலுவலகத்திடம் வழி கேளுங்கள், நீங்களாக அவர் கையைப் பிடித்துப் போட வைக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்கிறோம் என்று எழுதினால் 30 நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவோம் என்று அதற்குள் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: தர உறுதிக் குழுவின் உள்விசாரணை அறிக்கை. ஊழியர்கள் மனம் திறந்து பேச வேண்டும் என்பதற்காக அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, குடும்பத்துக்குத் தரமாட்டார்கள். அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நடந்தது என்ன என்ற விளக்கத்தைக் கேட்கலாம்.

படம்: உங்கள் மாமியாரின் புண்ணை மட்டும் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோல், தேதி எழுதிய தாள், ஒரே வெளிச்சம், ஒரே தூரம். பக்கத்துக் கட்டிலோ தாதி முகமோ சட்டகத்தில் விழக் கூடாது.

சம்மதப் படிவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே பலர், மகன் கையெழுத்துப் போட்டால் அது சம்மதம் என்று நினைக்கிறார்கள். புத்தி தெளிவாக இருக்கும் பெரியவருக்காக வேறு யாரும் சம்மதிக்க முடியாது. புத்தி தெளிவில்லை, எல்பிஏவும் இல்லை என்றால் மனநலத் திறன் சட்டப்படி அவருடைய நலன் கருதி டாக்டர் முடிவெடுப்பார், குடும்பத்திடம் கருத்துக் கேட்பார். ஆகவே படிவத்தில் பாருங்கள்: யார் கையெழுத்து, எத்தனை மணிக்கு, மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா, அவர் ஊழியரா அல்லது அந்தப் பக்கம் போன துப்புரவாளரா என்று. (இரண்டாவதும் நடக்கும்.)

---

மூன்றாம்மாடி

எந்தக் கதவைத் தட்டுவது என்பது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை. எல்லாரும் அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

விளக்கமும் திருத்தமும் வேண்டும் என்றால் மருத்துவமனையின் பேஷண்ட் ரிலேஷன்ஸ், அதாவது நோயாளிகளின் முறையீட்டைக் கவனிக்கும் பிரிவு. எழுத்தில், எண்ணிட்ட கேள்விகளாக. "கவனிப்பு படுமோசம்" என்று எழுதினால் "வருந்துகிறோம்" என்று பதில் வரும். "இத்தனாம் தேதி இரவு 10 முதல் காலை 6 வரை எத்தனை முறை திருப்பினீர்கள், யார் பதிந்தார்?" என்று எழுதினால் யாராவது கோப்பைத் திறந்தாக வேண்டும்.

சுகாதார அமைச்சு உரிமம் வழங்கும் இடம். ஆள் பற்றாக்குறை, நடைமுறைக் கோளாறு என்று அமைப்பு சார்ந்த விஷயமாக இருந்தால் பொருந்தும். தனிப்பட்ட வழக்கை மருத்துவமனைக்கே அனுப்பிப் பதில் சொல்லச் சொல்வதுதான் வழக்கம், அதனால் முதலில் மருத்துவமனையின் எழுத்துப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நல்லது.

சிங்கப்பூர் மருத்துவ மன்றம் தனி டாக்டரின் நடத்தையை விசாரிக்கும். சட்டபூர்வ உறுதிமொழியோடு, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில் தெரிந்தே பொய் சொன்னால் குற்றம். சம்பவம் நடந்து 6 ஆண்டுக்கு மேல் ஆனால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். எச்சரிக்கலாம், பதிவை நிறுத்தி வைக்கலாம், ஆனால் உங்களுக்கு இழப்பீடு என்று ஒரு வெள்ளிகூட வராது. உங்கள் விஷயத்தில் திருப்பிப் போடாதது, குதிகாலைப் பார்க்காதது எல்லாம் தாதியர் பணி. அது தாதியர் வாரியத்துக்குப் போக வேண்டியது. அறுவை டாக்டர்மேல் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் புண்ணுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்ற இடத்திலேயே அது நின்றுவிடும். குழப்பத்துக்குக் காரணம் தேடவில்லை, தமிழில் விளக்காமல் சம்மதம் வாங்கினார் என்பவை வேண்டுமானால் டாக்டர் பக்கம் வரும்.

இழப்பீடு என்றால் சிவில் வழக்கு. காயம் ஏற்பட்ட நாளிலிருந்தோ, காயமும் அதன் காரணமும் தெரியவந்த நாளிலிருந்தோ 3 ஆண்டு. முறையீட்டுக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. பேசிப் பேசியே காலக்கெடுவைத் தாண்டவிட்ட குடும்பங்கள் உண்டு. கவனிப்பு தரத்துக்குக் கீழே போனது, அதனால்தான் இந்தத் தீங்கு வந்தது, இவ்வளவு நட்டம் என்று மூன்றையும் காட்ட வேண்டும். இரண்டாவதில்தான் பெரும்பாலும் சறுக்கும்: நீரிழிவு, வயது, எலும்பு முறிந்து அசையாமல் கிடந்தது, எல்லாவற்றையும் எதிர்த்தரப்பு காரணமாக அடுக்கும். நிபுணர் கருத்து வாங்கவே கணிசமாகச் செலவாகும். விளக்கம் கொடுத்த விதம் பற்றிய வழக்கு என்றால் 1 ஜூலை 2022 முதல் சிவில் சட்டத்தின் 37ஆம் பிரிவு பொருந்தும். இந்த நோயாளி முடிவெடுக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதில் கணக்கில் வரும்.

என் கருத்தைச் சொல்கிறேன்: அறுவை தள்ளிப்போனதை முன்னே வைக்காதீர்கள். இடுப்பு முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை என்பது இலக்கு, ஆனால் உயிர் போகும் கேஸ் வந்து இடத்தை எடுத்துக்கொண்டது என்று சொல்ல அவர்களுக்கு எளிது. தள்ளிப்போட்ட நாளில் உணவோ நரம்புவழித் திரவமோ தரவில்லை என்பது அதைவிட வலுவானது. எல்லாவற்றையும்விடப் புண் வலுவானது, ஏனென்றால் தடுக்கும் வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

புண் ஆறிவிட்டால் வழக்குச் செலவுக்கு இழப்பீடு ஈடாகாது. அந்த நிலையில் எம்ஓஎச் ஹோல்டிங்ஸின் (அரசாங்க மருத்துவமனைகளின் தாய் நிறுவனம்) சுகாதார மத்தியஸ்தத் திட்டம் பொருத்தம். இரு தரப்பும் சம்மதித்தால்தான் நடக்கும், பேசியது வெளியே போகாது. புண் எலும்புவரை போய் இன்னொரு அறுவை தேவைப்பட்டால் வக்கீலிடம் போங்கள். வசதி குறைவென்றால் சட்ட உதவிப் பிரிவு வருமானத்தைப் பார்த்து உதவும்.

---

சிராங்கூன்_சாலை

எம்பியிடம் போகலாமே? மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் கடிதம் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்பார்கள்.

---

மூன்றாம்மாடி

பில், தவணை, பதில் வராத கடிதம் இவற்றுக்கு உதவும். மருத்துவத் தவறா என்பதற்கு எம்பி கடிதம் சுற்றிவந்து அதே பேஷண்ட் ரிலேஷன்ஸ் மேசையில்தான் விழும்.

பில் கேட்டிருந்தீர்கள். கட்டமாட்டோம் என்று சும்மா இருந்தால் நினைவூட்டல் கடிதமும் வசூல் நிறுவனமும் வரும். அறுவைக்கான பகுதியை மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு), மெடிஷீல்டு லைஃப் (தேசிய மருத்துவக் காப்புறுதி) வழியே போக விடுங்கள். புண்ணால் கூடிய நாள்கள், காயப் பராமரிப்பு, காற்று மெத்தை ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லி, விசாரணை முடியும்வரை அந்தத் தொகையை நிறுத்தி வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினால் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நல்லெண்ணத் தள்ளுபடிக்கு அந்த வரி அவசியமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

---

பூன்லே_மருமகள்

எல்லாருக்கும் நன்றி. காயத் தாதி வந்து பார்த்தார், ஆழ்திசுக் காயம் என்றே எழுதினார். மெத்தை மாற்றியாயிற்று. இன்னொரு சந்தேகம்: திருப்பிப் போட்ட அட்டவணையை வார்டில் காட்டினார்கள், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சரியாகப் பதிவாகியிருக்கிறது. பணிப்பெண்ணோ பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தேன், மத்தியானம் யாரும் திருப்பவில்லை என்கிறாள். என்ன செய்வது?

---

கோப்புக்கட்டு

வார்டில் வைத்து "பொய் எழுதியிருக்கிறீர்கள்" என்று சொல்லாதீர்கள். பொதுச் சேவை ஊழியரை வசைபாடுவது 2014ஆம் ஆண்டுத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், குரல் உயர்ந்தால் பேச்சு அதன் பக்கம் திரும்பிவிடும்.

மின்பதிவில் இரண்டு நேரம் இருக்கும்: செய்ததாகச் சொல்லும் நேரம், கணினியில் தட்டிய நேரம். மதியம் 12, 2, 4 மூன்றும் மாலை 4.40க்கு வரிசையாகத் தட்டப்பட்டிருந்தால் தணிக்கைத் தடத்தில், அதாவது யார் எப்போது பதிந்தார் என்ற கணினிப் பதிவில், தெரியும். அட்டவணையின் நகலோடு "ஒவ்வொரு பதிவும் உள்ளிடப்பட்ட நேரம்" என்றும் சேர்த்துக் கேளுங்கள். அட்டவணையில் எந்தப் பக்கம் என்றும் இருக்கும். மதியம் 2 மணிக்கு "இடப்பக்கம்" என்று போட்டிருந்து, அதே நேரம் இயன்முறைச் சிகிச்சை நிபுணர் (ஃபிசியோ) மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்ததாகத் தன் குறிப்பில் எழுதியிருந்தால், மேற்கொண்டு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இனி பணிப்பெண்ணிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். நேரம், எந்தப் பக்கம், யார் திருப்பினார், மூன்றே பத்தி. ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பியது போல இருந்தால் மதிப்பில்லை, நடக்க நடக்க எழுத வேண்டும்.

---

இரவுப்பணி

ஒரு சேர்க்கை. ஆழ்திசுக் காயம் திறந்தால் நாற்றம், சீழ், காய்ச்சல், மூச்சு வேகம் இவற்றைப் பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலோ, புதிதாகக் குழப்பம் கூடினாலோ அன்றைக்கே டாக்டரை அழைக்கச் சொல்லுங்கள், மறுநாள் ரவுண்டுக்கு விடாதீர்கள். சமூக மருத்துவமனைக்கு (உடல் தேறும்வரை தங்கும் இடம்) மாற்றுவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் புண்ணின் அளவும் படமும் அன்றைய தேதியோடு பதிவாகட்டும், போய்ச் சேர்ந்த இடத்திலும் அன்றே பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடமும் மற்றதைக் கைகாட்டும்.